பெட்டிக்குள்ளே போனது

ஊற்றி முடித்து, மூடியைத் திருகி, அப்பாடா என்று நிமிர்ந்த பிறகுதான் வெயில்முத்துவின் கண் வாளிக்குள் போனது. ஐஸ் கரைந்துகொண்டிருந்த தண்ணீரில் இரண்டு காகிதத் துண்டுகள், மழை விட்ட மறுநாள் ஈசல் சிறகு மாதிரி, ஒன்றையொன்று உரசிக்கொண்டு மிதந்தன. காலையில் அவனே கத்தரித்து, அவனே எழுதி, அவனே இரண்டு பாட்டில்களிலும் ஒட்டியவை. ஒன்றில் டெவலப்பர், ஒன்றில் ஃபிக்ஸர். ஒட்டியது சோற்றுப் பருக்கையால். வீட்டில் பசை இல்லாமல் இல்லை, பீரோ இழுப்பறையில் ஒரு முழு டப்பா கிடக்கிறது. ஆனால் கை தானாகச் சோற்றுப் பானைக்குத்தான் போயிற்று. பள்ளிக்கூட நோட்டு அட்டையிலிருந்து கல்யாணப் பத்திரிகை உறை வரைக்கும் சோற்றை நசுக்கி ஒட்டியே பழகிய கை. காய்ந்தால் கல் மாதிரி பிடிக்கும். ஊறினால்? சோறு தண்ணீரில் ஊறும் என்று சோறு தின்கிற எந்த மனுஷனுக்குத்தான் தெரியாது. மருந்து சூடா இருந்தா படம் கருகிரும் ப்ரோ, உங்க விருதுநகர் பைப்புத் தண்ணியில கையே வேகும், ஐஸ்ல நிப்பாட்டி வைங்க என்று மதுரையில் பிலிம் கழுவிக் கொடுக்கிற ஆரோன் போனில் படித்துப் படித்துச் சொன்னதை மட்டும் பத்திரமாக ஞாபகம் வைத்து, சித்திரை வெயிலுக்குப் பயந்து, இரண்டையும் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் நிற்கவைத்தான். அதே ஆரோன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். டெவலப்பர்தான் முதல்ல போகணும், அதுதான் படத்தைக் கொண்டுவரும். ஃபிக்ஸர் அப்புறம், அது வந்த படத்த நிறுத்தும். மாத்தி ஊத்திட்டீங்கன்னா அவ்வளவுதான் ப்ரோ, கண்ணாடி மாதிரி வெறும் பிலிம்தான் கையில வரும், கடவுளே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. இரண்டும் ஒரே மாதிரி குளிர்பான பாட்டில். இரண்டு மருந்தும் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். இப்போது உள்ளே போனது எது?

இடது பக்கம் இருந்ததைத்தான் எடுத்தேன் என்றது மனசு. இடது பக்கம் டெவலப்பர் என்று காலையிலேயே நினைத்து வைத்ததுதானே. ஆனால் வட்ட வாளிக்கு ஏது இடதும் வலதும்? காலையில் அவன் கதவைப் பார்த்து நின்றான். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். நடுவில், விளக்கை அணைத்துவிட்டு பிலிமைச் சுருளில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கால் இடறி வாளி நகர்ந்தது. நகர்ந்ததா, சுற்றியதா? டங்கென்று சத்தம் கேட்டது உண்மை. கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. அந்த வலியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் ஏதாவது தட்டுப்படுமா என்று பார்த்தான். விரல், வாளி, தண்ணீர் அலம்பின சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை, குருட்டு இருட்டு. கையிலிருந்த டப்பாவை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினான். வெளிச்சம் புகாத கறுப்பு டப்பா, ஒரு சின்னத் தூக்குவாளி அளவுக்கு. உள்ளே சுருளில் பிலிம். பிலிமைச் சுற்றி மருந்து, எதுவோ ஒரு மருந்து. நிமிஷத்துக்கு ஒருதரம் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும்; போன் தரையில் கிடந்து நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் இருப்பதும் போய்விடும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்றானாம் ஒரு வைத்தியன். அதுவரைக்கும் அந்த நோயாளி ஆயுசில் குரங்கை நினைத்ததில்லை. அப்புறம் கிண்ணத்தைத் தொட்டாலே குரங்கு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டதாம். மருந்தையும் குடிக்கமுடியாமல், குரங்கையும் விரட்டமுடியாமல், அவன் கடைசியில் என்ன ஆனான் என்று கதை சொன்ன யாரும் சொன்னதில்லை. என்ன ஆகியிருப்பான், கிண்ணத்தோடு உட்கார்ந்தேதான் இருந்திருப்பான். இதோ இந்த மாதிரி, ஒரு குளியலறையில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல்.

வெளியே டொக், டொக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி சந்தனமாரி கூடத்தில் உட்கார்ந்து புளி தட்டுகிறாள். வருஷத்துக்கு வாங்கிய புளி. ஒரு தட்டு, கொட்டை தெறிக்கும், ஒரு இடைவெளி, மறுபடி தட்டு. இடைவெளி கொஞ்சம் நீண்டால் அவன் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. எழுந்துவிட்டாளா? வருகிறாளா? மறுபடி டொக். காலையில் காப்பி குடிக்கும்போது, இன்னைக்கு அந்த பிலிமக் கழுவலாம்னு இருக்கேன் என்றான். எந்த பிலிம் என்றாள். கேமராவுல கெடந்தது, பழசு. அவள் தம்ளரை ஆற்றிக்கொண்டே இருந்தாள். காப்பி எப்போதோ ஆறிவிட்டது. அப்புறம் ‘ம்’ என்றாள். அவ்வளவுதான். குளிக்கிற ரூம்லதான கழுவுவீங்க, பினாயில அந்தப் பக்கம் நகட்டி வச்சிருங்க, எதையாச்சும் மாத்தி ஊத்திராதீங்க என்று எழுந்து போய்விட்டாள். கரிநாக்கு. ஆனால் அந்த ‘ம்’தான் காலையிலிருந்து செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. சரி என்கிற ம் இல்லை. வேண்டாம் என்கிற ம்மும் இல்லை. வேலை பார்க்கிற கிட்டங்கியில் மிளகாய் வத்தல் மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்த்தால் அடிமூட்டையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள் அவன். ஒரு ம்முக்குள்ளே என்ன இருக்கிறதென்று ரெண்டு வருஷமாகக் குத்திக் குத்திப் பார்க்கிறான், தெரியவில்லை. ஆமாம், ரெண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் ம்தான். சாப்பிடலாமா, ம். விளக்க அணைச்சிரட்டா, ம். சண்டை போட்டாலாவது தேவலை. சண்டை போடக்கூட ஒரு தெம்பு வேண்டாமா. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பீங்கான் சாமான் மாதிரி எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கைதான் ஓய்ந்துபோயிற்று.

கவிழ்த்து நிமிர்த்தினான். உள்ளே களக்கென்றது. அந்த டப்பாவுக்குள் அவள் இருக்கிறாள், பட்டுச்சேலையில், முழங்கைவரை கண்ணாடி வளையலோடு, ஏழு மாச வயிற்றோடு. வளைகாப்பு அன்றைக்கு அவன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா, கறுப்பு வெள்ளை பிலிம், போன்ல எடுக்கறதெல்லாம் ஒரு படமாடா என்று தானாகப் பேசிக்கொண்டு, வளையல் போடுகிற கை, சந்தனம் பூசுகிற கை, கன்னம், வயிறு, மறுபடி வயிறு என்று சுற்றிச் சுற்றி எடுத்தான். சந்தனமாரிகூடச் சிரித்தாள், போதுங்க, எல்லாரும் பாக்குறாங்க என்று. மாமியார்தான் சிரிக்கவில்லை. சித்ரான்னத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்று, மாப்ள, வயித்துப்பிள்ளக்காரிய இப்பிடிச் சுத்திச் சுத்திப் படம் பிடிக்கக் கூடாது, கண்ணு பட்டா கல்லும் ஒடையும், பெட்டிக்குள்ள போனது வெளிய வராது என்றாள். சத்தம்போட்டுச் சொல்லவில்லை. உப்பு பத்தலை என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே, வந்துரும் அத்தை, கழுவுனா வந்துரும் என்று அவளையும் ஒரு படம் எடுத்தான். அதுவும் இதற்குள்தான் இருக்கிறது. அவன் இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நம்புகிறவன் இல்லை. டாக்டரம்மா எழுதிக்கூடக் கொடுத்தாள், பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டது, யாருடைய தப்பும் இல்லை என்று. யாருடைய தப்பும் இல்லை, சரி. ஆனால் சந்தனமாரி அதை நம்பினாளா? அம்மா சொன்னதை அவள் அப்புறம் ஒரு தடவைகூட வாயில் எடுத்ததில்லை. எடுத்திருந்தால், போடி கிறுக்கி என்று சொல்லியிருப்பான். எடுக்காததால்தான், அது அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. அவள் அவனைப் பார்க்கும்போதெல்லாம், அவன் முகத்தைப் பார்க்கிறாளா, முகத்துக்கு முன்னால் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்க்கிறாளா என்று அவனுக்குப் புரியாமலே போயிற்று. அதனால்தான் பிலிமை ஆரோனுக்குக்கூட அனுப்பவில்லை. நானே கழுவித் தர்றேன் ப்ரோ, கூரியர்ல போடுங்க என்றான் அந்தப் பையன், நல்ல மனசு. வேற ஒருத்தன் முதலில் பார்ப்பதா? சீச்சீ. வரவேண்டியது இந்த வீட்டில் வரட்டும், போகவேண்டியது இந்த வீட்டில் போகட்டும்.

போகட்டும் என்றா நினைத்தேன்? கை நின்றது. போயே போய்விட்டதென்றால்? உள்ளே ஊற்றினது ஃபிக்ஸர்தான் என்றால் இந்நேரம் எல்லாம் கரைந்து முடிந்திருக்கும். வளையல் இல்லை, வயிறு இல்லை, மாமியாரின் முறைப்பு இல்லை. வெளியே போய், ஒண்ணும் வரல சந்தனம், கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். அவள் ம் என்பாள். அதோடு தீர்ந்தது. மதியச் சாப்பாடு, தூக்கம், திங்கட்கிழமை, கிட்டங்கி. அந்த நினைப்பு இந்தப் புழுக்கத்தில் ஒரு வாய் மோர் மாதிரி இறங்கியது. இறங்கின வேகத்தில் பயமும் பிடித்துக்கொண்டது. கைக்கு முன்பே தெரியுமோ? வாளிக்குள் போன கை சும்மா போகவில்லையோ? முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஃபிக்ஸர் நாறும் ப்ரோ, மூக்குல குத்தும், டெவலப்பர் சாது என்று சொல்லியிருந்தான் ஆரோன். மிச்சமிருக்கிற பாட்டிலைத் திறந்து மூக்குக்கிட்டே வைத்து இழுத்தான். ஒன்றுமில்லை. கண் மட்டும் லேசாக எரிந்தது, அது வேர்வையாகவும் இருக்கலாம். பதினைந்து வருஷம் வத்தல் நெடியில் கிடந்த மூக்கு, எப்போது செத்தது என்று அவனுக்கே தெரியாது. முதலில் மல்லிகைப்பூ போயிற்று, அப்புறம் காப்பி, அப்புறம் மழை. அவள் மசக்கையில் இருந்தபோது அவன் தெருமுனை திரும்பினதுமே இருமுவாள். வாசலிலேயே சட்டையைக் கழற்றிப்போட்டு, பின்வழியாக வந்து, இதே குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் போவான். அப்பவும், இன்னும் அடிக்குதுங்க என்பாள். எங்கே அடிக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் மேல் என்ன வாடை அடிக்கிறதென்று இன்றைக்கு வரைக்கும் அவள் சொல்லித்தான் தெரியும். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை, பிலிம் மருந்து குடித்துச் செத்தான் என்று பேப்பரில் வரும். தனியாகச் சிரித்தான். சிரிப்பு டைல்ஸில் பட்டுத் திரும்பி வந்தபோது வேறு யாரோ இருமினதுபோல இருந்தது.

டொக். இடைவெளி. டொக். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தேங்காயெண்ணெய் போட்டு அவள் கையிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். பிள்ளை பிறந்தால் மருத்துவச்சிக்கென்று கொடுக்கிற வளையல். வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. இவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல், சட்டைப் பையில், பேண்ட் பையில் என்று திணித்துக்கொண்டான். வராந்தாவில் நடந்தால் உடம்பு முழுக்கக் கலகலவென்றது. எதிரே வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வளையல்காரன் எதற்கு ஆஸ்பத்திரிக்குள் வந்தான் என்று நினைத்திருப்பார்கள். கேமராவை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதில் ஒரே ஒரு படம் மிச்சம் வைத்திருந்தான். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வைத்த படம்: கடைசி ஒண்ணு பிள்ளைக்கு, பிறந்ததும் முதல் அழுகையிலேயே எடுத்துருவேன், யாரும் கேமராவத் தொடாதீங்க. போன மாசம் பிலிமை வெளியே எடுப்பதற்கு முன்னால், அந்த மிச்சத்தைச் சும்மா சுவரைப் பார்த்து எடுத்து முடித்துவிடலாம் என்று லீவரைத் தள்ளினான். தள்ள வரவில்லை. பிலிம் முடிந்திருந்தது. நன்றாக எண்ணித்தான் வைத்தான். மூட்டைக் கணக்கில் ஒரு நாள் தப்பினதில்லை. ஆனால் அந்தக் கணக்கு தப்பியிருக்கிறது. பிள்ளைக்கென்று ஒன்று வைத்திருந்ததாக நினைத்ததே பொய், வைக்கவே இல்லை, அப்போதே முடிந்துபோயிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவை நினைப்பதைவிட அலுப்பாக இருந்தது. போன் கிணுகிணுத்தது. நேரம் முடிந்தது. உள்ளே இருந்ததை வடித்து, தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் கொட்டினான். இனி அடுத்த மருந்து. பாட்டிலைக் கையில் எடுத்தான், வைத்தான். எடுத்தான். தெரியாமல் ஊற்றத் திராணி இல்லை.

“சந்தனம்.”

டொக் சத்தம் நின்றது. “என்னங்க?”

“இங்க கொஞ்சம் வா.”

“வெளிச்சம் படக்கூடாதுன்னீங்க?”

“இப்பப் படலாம். எல்லாம் டப்பாவுக்குள்ள இருக்கு.”

கதவிடுக்கில் செருகியிருந்த துண்டைக் காலால் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். விரலெல்லாம் புளி. மேலே ஜன்னலைப் பார்த்து, “ஐயே, அது என் கறுப்புச் சீலை” என்றாள்.

“கிழிக்கல. சொருகித்தான் வச்சிருக்கேன். இந்த பாட்டில மோந்து பாரு.”

“எதுக்கு? கொல்லப் பாக்குறீங்களா?”

“வாடை அடிக்குதான்னு மட்டும் சொல்லு. எனக்குத் தெரியல.”

“ஆமா, உங்களுக்குத்தான் மூக்க முகத்துக்கு அழகா வச்சிருக்கே.” குனிந்தாள். குனிந்த வேகத்தில் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “அடக் கண்றாவியே! புளிச்ச காடி, கெட்டுப்போன ஊறுகா, ரெண்டையும் கலந்த மாதிரி குப்புன்னு அடிக்குது. இதுகூடவா தெரியல?”

அவனுக்குத் தோள் இரண்டும் இறங்கின. மிச்சமிருப்பதுதான் ஃபிக்ஸர். அப்படியானால் உள்ளே போனது சரி. வெறும் பிலிம் வரப்போவதில்லை. எல்லாம் வரப்போகிறது.

“நல்லதா, கெட்டதா?” என்றாள்.

“நல்லதுதான்” என்று ஊற்றினான்.

போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை. நிலைப்படியிலேயே உட்கார்ந்து, விரலிலிருந்த புளியை ஒவ்வொன்றாக உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் டப்பாவைக் கவிழ்ப்பதையும் நிமிர்த்துவதையும் பார்த்தாள். அவனைப் பார்க்காமல் கேட்டாள்: “எல்லாமே வந்துருமா?”

“வரும்.”

“கடசி வரைக்குமா?”

“கடசி வரைக்கும்” என்றான். அவள் முகத்தில் என்னவோ ஒன்று மூடிக்கொண்டது. கேட்கவேண்டும் என்று வாய் வந்தது, உங்கம்மா சொன்னதை நீ நம்புறியா என்று. ரெண்டு வருஷமாக வந்து வந்து திரும்பிப்போகிற அதே வாய். திரும்பிப் போயிற்று.

அலசுவதற்குத் தண்ணீர் நிறைய வேண்டியிருந்தது. குழாயில் தண்ணீர் விடுகிற நாளும் இல்லை. டிரம்முல இருக்கறத எடுத்துக்கலாம், குளிக்காட்டி என்ன என்று அவளே எழுந்து செம்பில் மொண்டு வந்தாள். நேரே ஊற்றவில்லை. இடது உள்ளங்கையைக் குறுக்கே வைத்து, அதில் விழுந்து வழியும்படி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவன் கேட்கவில்லை. செம்பு காலியாகும், மொண்டு வருவாள், மறுபடி உள்ளங்கை. கடைசியில் அவன் சுருளை வெளியே எடுத்து, நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தான். பளபளவென்று, சாரைப்பாம்புக் குட்டி மாதிரி நெளிந்துகொண்டு வந்தது. ஜன்னலிலிருந்து சேலையை உருவினாள். வெயில் தடாலென்று உள்ளே விழுந்தது.

“வந்திருக்கு” என்றான்.

கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும் சின்னச் சின்னக் கட்டங்கள். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “இதாரு, நானா? தலையெல்லாம் நரச்சுக் கெழவியாட்டம் இருக்கேன். பல்லப் பாருங்க, கரிய அப்புன மாதிரி.” இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். “எங்கம்மா இதுலயும் மொறைக்குறாங்க.” அவன் சிரித்துவிட்டான். அவளும், சத்தமில்லாமல், மூக்கால். எத்தனையோ நாளாயிற்று. நரைத்த தலையோடு வரிசையாக அவள். வளையல் அடுக்கின கை, வயிறு, மறுபடி வயிறு. அவன் கட்டம் கட்டமாகக் கீழே வந்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது நின்றான். இதை அவன் எடுக்கவில்லை.

பீரோக் கண்ணாடி. அதற்குள் ஒருத்தி நிற்கிறாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேமரா. கீழே வீட்டுச்சேலை, முழங்கைவரை வளையல், வயிறு.

“அது நான் எடுத்தது” என்றாள் சந்தனமாரி.

அவள் சொல்லச் சொல்ல அவன் பிலிமைப் பிடித்த கையை இறக்கவில்லை. “நீங்க கிட்டங்கிக்குப் போயிருந்தீங்க. மறுநாத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது. மாசமா இருக்கறவ கண்ணாடில ரொம்ப நேரம் தன்னயே பாக்கப்படாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான் பாத்தேன். பாத்தது பத்தாதுன்னு படமும் பிடிச்சேன். எனக்கே அவ்வளவு ஆசையா இருந்துச்சு. என் கண்ணுதான் பட்டுருச்சு போல. பிள்ளைக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன், வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலைஞ்சீங்க. உங்ககிட்ட எப்பிடிச் சொல்றது? நீங்க கேமராவ எடுக்கும்போதெல்லாம் உசுரு போயிட்டு வரும்.”

கிட்டங்கியில் சில நாள் ஒரு மூட்டையை ஆளுக்கொரு பக்கம் தூக்குவார்கள். நடுவில் மூட்டை மறைப்பதால் எதிரே தூக்குகிறவன் முகம் தெரியாது, எல்லாக் கனமும் தன் தோளில்தான் என்று இரண்டு பேருமே முனகிக்கொண்டு நடப்பார்கள். வெயில்முத்துவுக்கு என்னென்னவோ சொல்லவேண்டும்போல இருந்தது. என்னைத்தான் நீ... என்று ஆரம்பித்தான், முடியவில்லை. கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான். “அது பிள்ளைக்கு வச்சிருந்த படம், சந்தனம்.”

“பிள்ளையத்தான எடுத்தேன்” என்றாள்.

அவன் பிலிமைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டி, கேமராவைக் கொண்டுவந்து, லென்ஸைக் கழற்றி, பூதக்கண்ணாடி மாதிரி திருப்பிப் பிடித்து, அதன் வழியாக அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தான். வீட்டுக்குள் அந்த வெளிச்சத்தில் அவனே எடுத்தாலும் கை ஆடிப்போகும். வளையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பீரோக் கைப்பிடி, சாவிக்கொத்து, சேலைக் கரை, எல்லாம் துல்லியம். வயிற்றில் மட்டும் ஓரிடத்தில், சேலை மடிப்பு விரல்நுனி அகலத்துக்குக் கலங்கியிருந்தது.

“உனக்குக் கை ஆடவே இல்லை” என்றான். “இந்த ஒரு எடம்தான் கலங்கியிருக்கு. தண்ணித் துளியா இருக்கும், காஞ்சாச் சரியாயிரும்.”

அவனிடமிருந்து லென்ஸை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“தண்ணி இல்லங்க” என்றாள். “அப்ப உதைச்சுது.”